பினாங்கில் அக்கா உட்காரவே இல்லை

நானும் ராஜி அக்காவும் பினாங்குக்குப் போனது இது மூன்றாவது தடவை. சிங்கப்பூர் போகலாமே, தாய்லாந்து போகலாமே என்று சொல்லாத ஆள் இல்லை. எங்களுக்கு வெளிநாடு என்றால் பினாங்குதான். ஜார்ஜ் டவுனில் இறங்கி, ஏதாவது ஒரு தெருவோரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பக்கத்து மேசைக்காரர் என்ன சாப்பிடுகிறார் என்று கூச்சமில்லாமல் எட்டிப் பார்த்து, அதையே கைகாட்டி வாங்கிச் சாப்பிடுகிற சுகம் வேறு எங்கே கிடைக்கும்? நான் நாகப்பட்டினத்துக்காரி. பிறந்ததிலிருந்து கடலைப் பார்க்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் கடற்கரைக்குப் போவது மீன் வாங்க. கடலோரத்தில் சும்மா நேரத்தைப் போக்கலாம் என்பது பினாங்கு வந்த பிறகுதான் புரிந்தது.

இந்தத் தடவை அந்தச் சும்மா இருக்கிற பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. காரணம் அக்கா.

வந்து இறங்கிய அன்றே வித்தியாசம் தெரிந்தது. வழக்கம்போல முதலில் நாசி கண்டார் சோற்றுக் கடைக்குப் போனோம். தட்டில் சோற்றைப் போட்டு, கறி, மீன், வெண்டைக்காய் எல்லாம் வைத்துவிட்டு, கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்காரர் கேட்டார்.

"பஞ்சிர் பண்ணிடவா அக்கா?"

பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளம். நாலைந்து குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றி, சோற்றை மூழ்கடித்துவிடுவார்கள். முதல் தடவை வந்தபோது, மீன் குழம்பையும் கோழிக் குழம்பையும் கலக்கிறானே என்று நான் பதறினேன். அக்காதான் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நாம இத்தனை நாள் தனித்தனியா ஊத்தி முட்டாளா இருந்திருக்கோம்டீ" என்றாள். அப்பேர்ப்பட்டவள் இந்தத் தடவை சோற்றில் விரலால் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தாள். கண் முழுக்கக் கைப்பேசியில். பாதியில் எழுந்து, "வா, நடக்கலாம்" என்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைவிட ஏழு வயது பெரியவள். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றவள். அத்தான் இறந்த பிறகு சென்னையில் மகன் கார்த்திக் வீட்டில் இருக்கிறாள். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கூட்டி வருவது, டியூஷனுக்கு அனுப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. வருஷத்தில் ஒரு வாரம் என்னோடு ஊர் சுற்றுவாள். அந்த ஒரு வாரத்துக்காகத்தான் மற்ற வாரங்களைத் தள்ளுகிறேன் என்பாள்.

நடந்து லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். அங்கே ஒரு துணிக்கடையில் நுழைந்த அக்கா, சேலைப் பக்கம் திரும்பாமல் நேராக ஆண்கள் சட்டை இருக்கும் இடத்துக்குப் போனாள்.

"ஆளு எப்படி இருப்பாங்க அக்கா? ஒல்லியா, வயிறு இருக்கா?" என்று கடைக்காரம்மா கேட்டார்.

"கொஞ்சம் வயிறு இருக்கும்."

"கார்த்திக்குக்கா?" என்றேன். "அவனுக்கு ஏது வயிறு?"

"கார்த்திக்குக்கு இல்ல."

"பின்னே?"

அக்கா சட்டைகளைப் புரட்டிக்கொண்டே, தக்காளி விலை சொல்வதுபோலச் சொன்னாள். "சேவியர் சாருக்கு. என்னைக் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டிருக்கார். புக்கிட் மெர்தாஜாம்ல வீடு. போய்ப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னுதான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் நிறுத்திக்கொண்டேன். கடைக்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுக்கிலிருந்து ஒரு சட்டையை உருவினார். "அப்ப இளநீலம் எடுங்க லா அக்கா. முகத்துக்குக் களையா இருக்கும்."

சேவியர் சாரை எனக்குத் தெரியும். போன தடவை ஃபெரியில் ஏறும்போது அக்காவின் செருப்பு வார் அறுந்துபோயிற்று. பின்னால் வந்த ஒருவர் தன் பையிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை எடுத்துக் குனிந்து கட்டிக்கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர் என்பது கரை சேர்வதற்குள் தெரிந்துவிட்டது. இறங்கியதும் எங்களைச் செண்டோல் என்கிற தேங்காய்ப்பால் ஐஸ் சாப்பிட அழைத்துப்போனார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லையாம். தினமும் மாலை பேரனை டியூஷனில் விட்டுவிட்டு அக்கா பூங்காவில் நடப்பாள். அந்த நேரம் முழுக்க அவரோடு போனில் பேச்சு. நடந்து நடந்து சர்க்கரை குறைந்துவிட்டது என்று டாக்டர் பாராட்டியதாக அவள் சொன்னபோது நானும் பாராட்டினேன்!

"கார்த்திக்குக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவர் பொண்ணுக்கு?"

"சொல்றேன்னு சொல்லியிருக்கார்."

அதற்குப் பிறகு அன்று முழுக்க நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம். எதன்மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவள் வயதின்மேலா, அவர் மதத்தின்மேலா, என்னிடம் இத்தனை நாள் மறைத்ததன்மேலா? ரொட்டி சானாயைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டேனே தவிரச் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் காலை புக்கிட் மெர்தாஜாம் போவதாகத் திட்டம். அக்கா விடிந்ததும் குளித்து, பட்டும் இல்லாமல் சாதாரணமும் இல்லாமல் ஒரு சேலை கட்டி, அதை அவிழ்த்து இன்னொன்று கட்டி, அதையும் மாற்றி, ரெடியாக நின்றாள். அப்போது அவர் கூப்பிட்டார். மகள் ஏஞ்சல் திடீரென்று கோலாலம்பூரிலிருந்து வந்திருக்கிறாளாம். இன்று வேண்டாம், நாளை சொல்கிறேன் என்றார்.

"சரி சார், பரவாயில்ல" என்று அக்கா சொன்ன விதத்தில் பரவாயில்லை என்பது துளியும் இல்லை.

அறையில் உட்கார முடியாமல் கிளம்பினோம். ஆயர் ஈத்தாமில் லக்சா சாப்பிடலாம் என்றேன். பஸ் நிலையத்தில் முதலில் நின்ற பஸ்ஸில் அக்கா ஏறிவிட்டாள். எண்ணைப் பார்க்கக்கூட விடவில்லை. உள்ளே போனால் உண்டியல் மாதிரி ஒரு பெட்டி. சரியான சில்லறையை அதில் போட வேண்டும். பாக்கி கிடையாது. "பாக்கி குடு" என்று கேட்டு வளர்ந்த எனக்கு இது எப்போதும் பதற்றம். பத்து ரிங்கிட் நோட்டை வைத்துக்கொண்டு நான் விழிக்க, டிரைவர் மலாயில் ஏதோ சொல்லிவிட்டு, உள்ளே போகும்படி கையைக் காட்டினார்.

பஸ் ஆயர் ஈத்தாம் இருக்கிற மலைப் பக்கம் திரும்பவில்லை. கடலை ஒட்டிப் போய், கடற்பாலம் தொடங்குகிற இடத்தையும் தாண்டி, அடுக்குமாடி வீடுகளும் பெரிய பெரிய தொழிற்சாலைகளும் இருக்கிற இடத்துக்குள் நுழைந்தது. சீருடை போட்ட பெண்கள் கும்பலாக ஏறினார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, என் பக்கத்தில் வந்து நின்ற தமிழ்ப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஆயர் ஈத்தாம் வந்துடுச்சாம்மா?"

"அலாமாக்! அக்கா, இது பாயான் பாரு லா. ஆயர் ஈத்தாம் அந்தப் பக்கம்." அவள் சிரித்துவிட்டாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து எதையோ சொல்ல, அவள் இன்னும் அதிகமாகச் சிரித்தாள்.

"என்ன சொல்றார்?"

"'இந்த ரெண்டு ஆன்ட்டியும் எங்க போறாங்கன்னு அவங்களுக்கே தெரியல, அதான் காசு வாங்கலே'ன்னு சொல்றாரு."

அவள் பெயர் விமலா. மின்னணுத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். நாற்பது வயதிருக்கும். இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவள், எங்களையும் தன்னோடு இறக்கி, அங்கிருந்த சாப்பாட்டு வளாகத்துக்குக் கூட்டிப்போனாள். "பசியாறிட்டீங்களா? இல்லையா? பிறகு எப்படி? லக்சா இங்கயும் கிடைக்கும்."

கிடைத்தது. கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்துப் போட்ட, புளிப்பும் காரமும் கொண்ட குழம்பு. அதில் வெள்ளை நூடுல்ஸ், வெள்ளரிக்காய், அன்னாசி, புதினா. மேலே ஒரு கரண்டி கருப்பு இறால் விழுது. எங்கள் ஊர்ப் புளிக்குழம்புக்குள் யாரோ பழக்கூடையைக் கவிழ்த்துவிட்டதுபோல இருக்கும். முதல் வாயில் வேண்டாம் என்று தோன்றும். கிண்ணம் காலியானபின் இன்னொன்று கேட்கத் தோன்றும். நான் இன்னொன்று கேட்டேன். அக்கா ஸ்பூனை வைத்துக்கொண்டு விமலாவை விசாரணை செய்துகொண்டிருந்தாள். இங்கே ஆஸ்பத்திரி எப்படி, சர்க்கரை மாத்திரை கிடைக்குமா, தண்ணீர் தினமும் வருமா, புக்கிட் மெர்தாஜாமில் முருகன் கோயில் உண்டா, பெண்கள் தனியாக வெளியே போகலாமா?

"கோயிலா? நிறைய இருக்கு. ஏன் அக்கா, வீடு மாறி வரப்போறீங்களா?"

அக்கா திருப்பிக் கேட்டாள். "இங்கெல்லாம், வயசான பிறகு கல்யாணம் பண்ணிக்கிறவங்க உண்டா?"

விமலா என்னைப் பார்த்தாள். நான் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"எங்க அத்தை பண்ணிச்சு" என்றாள் விமலா. "அறுபது வயசுல. ரெண்டு வருஷம் வீட்டுல யாரும் பேசலே. எங்கப்பா அது பேரையே சொல்ல மாட்டாரு. இப்ப தீபாவளிக்கு எல்லாரும் அங்கதான் போறோம். எங்கப்பாதான் முதல்ல காடி ஸ்டார்ட் பண்றாரு."

பிறகு வீட்டிலிருந்து தன் காரை எடுத்துவந்து எங்களை ஜார்ஜ் டவுன் வரைக்கும் கொண்டுவிட்டாள். யாரென்றே தெரியாதவர்களுக்காக இவ்வளவு தூரம் எதற்கு என்றேன். "மறுபடி பஸ்ல விட்டா நீங்க கெடா மாநிலத்துக்குப் போயிருவீங்க" என்றாள். இறங்கும்போது அக்காவின் கையைப் பிடித்து எதுவோ மெதுவாகச் சொன்னாள். என்னவென்று அக்கா இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிவரை அவரிடமிருந்து அழைப்பு இல்லை. அக்கா கைப்பேசியைப் பைக்குள் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். எதிர்க் கடையில் கோப்பி வாங்கி, இரண்டு மடக்கு குடித்துவிட்டு எழுந்தாள்.

"கிளம்பு. நாமளே போவோம்."

"கூப்பிடாம எப்படிக்கா?"

"கூப்பிடுறவரைக்கும் என்னால இருக்க முடியாது சுமதி. வயசு என்ன இருபதா?"

ஃபெரியில் கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினோம். குளிர்சாதனப் பெட்டி. தரையில் ஒரு காகிதம்கூட இல்லை. எங்கள் ஊர் ரயிலில் சுண்டலும் முறுக்கும் வந்துகொண்டே இருக்கும், அதனால் நேரம் தெரியாது. இங்கே எதுவும் வராததால் சண்டைதான் போட முடிந்தது. கார்த்திக்கிடம் என்ன சொல்வாய் என்று ஆரம்பித்தேன். அவள் திருப்பிக் கொடுத்தாள். குரல் ஏறியது. எதிரே இருந்த சீனத்து அம்மா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எங்களைக் கவனிக்கத் தொடங்கினார். கதவு திறந்தது, மூடியது. வெளியே பலகையில் புக்கிட் மெர்தாஜாம் என்று எழுதியிருந்தது மெதுவாக நகர்ந்து பின்னால் போயிற்று.

அடுத்த நிலையம் சிம்பாங் அம்பாட். இறங்கினோம். திரும்பிப் போகிற ரயில் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார் காவலாளி. பிளாட்பாரத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. சுற்றிலும் செம்பனை மரங்கள். வெக்கையில் எண்ணெய் தடவியதுபோல எல்லாம் பளபளத்தன. அக்கா பிளாட்பாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். நான் பெஞ்சில் இருந்தபடியே கத்தினேன்.

"உட்காருக்கா! உன்னைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது!"

அவள் என் முன்னால் வந்து நின்றாள். "உனக்கு என்னதான்டீ பிரச்சினை? அவர் கிறிஸ்டியன்ங்கிறதா?"

"இல்ல."

"வயசா?"

"இல்ல."

"பின்னே என்ன?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "நீ இங்கேயே இருந்துட்டா நான் யாரோட வருவேன்?" என்றேன். ஐம்பத்திரண்டு வயதில், பாஷை தெரியாத ஊர் ரயில் நிலையத்தில், சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம்தான். பிறகு எழுந்து அவருக்குப் போன் செய்தாள்.

அவர் காரை எடுத்துக்கொண்டு வந்தார். பழைய வெள்ளைக் கார். வெள்ளைச் சட்டை, சவரம் செய்த முகம், காதோரம் வியர்வை. "இவ்வளவு தூரம் தாண்டி வந்துட்டீங்களே ராஜேஸ்வரி" என்றார். கண்டிப்பதுபோலச் சொன்னாலும் முகம் மலர்ந்திருந்தது. கார் ஓட்டும்போது மட்டும் அவருடைய விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் தட்டிக்கொண்டே இருந்தன. அக்கா மட்டும் இல்லை, இவரும் நிலைகொள்ளாமல்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு அடக்கமானது. வாசலில் காகிதப்பூச் செடி, உள்ளே இயேசுவின் படம், அதன் கீழே சின்ன மின்விளக்கு. அவர் மனைவியின் படம் பக்கத்தில். ஏஞ்சல் கதவைத் திறந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், கோலாலம்பூரில் வக்கீல். எங்களைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"யாரு அப்பா?"

அவர் கார் சாவியை ஆணியில் மாட்டினார். அது விழுந்தது. எடுத்து மறுபடி மாட்டினார்.

"இவங்க ஊர்லேருந்து வந்தவங்க. பினாங்கு சுத்திப் பார்க்க வந்திருக்காங்க. எனக்குத் தெரிஞ்சவங்க."

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

சாப்பாடு நன்றாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கோழிப் பிரட்டல், ரசம், பொரித்த மீன், இறால் விழுது போட்டு வதக்கிய கங்கோங் கீரை. அந்தக் கீரை வாசனை எங்கள் ஊர் கருவாட்டுக் கடைத் தெருவை மூக்குக்குள் கொண்டுவந்தது. ஏஞ்சல் மரியாதையாகத்தான் பரிமாறினாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க ஆன்ட்டி" என்றாள். எத்தனை நாள் இருப்பீர்கள், மலைக்குப் போனீர்களா, எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். அக்கா எல்லாவற்றுக்கும் சிரித்த முகமாகப் பதில் சொன்னாள். அவர் தலையைத் தூக்கவே இல்லை. மீனில் முள்ளே இல்லாத இடத்தில் முள் தேடிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அக்கா பையைத் திறந்து, அந்தச் சட்டைப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். "சாப்பாடு போட்டதுக்கு" என்றாள். அவர் ஸ்டேஷனில் கொண்டுவிடுகிறேன் என்றார். அக்கா வேண்டாமென்று மறுத்து, ஏஞ்சலிடம் டாக்சிக்குச் சொல்லச் சொன்னாள்.

திரும்பும் ஃபெரியில் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயித்துவிட்டதுபோல எனக்கு இருந்திருக்க வேண்டும், இல்லையா? அவள் என்னோடு ஊருக்கு வந்துவிடுவாள். ஆனால் சந்தோஷமாக இல்லை. கரையில் இறங்கியதும், 'சார் கொய்த்தியாவ்' சாப்பிடலாமா என்று கேட்டேன். பெரிய வாணலியில் தீ பறக்க, இறாலும் முட்டையும் சேர்த்துப் பிரட்டித் தருகிற அரிசி நூடுல்ஸ், அவளுக்கு உயிர். "நீ சாப்பிடு" என்றாள்.

நான்காம் நாள் காலையில் அவரே வந்துவிட்டார். துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கோப்பிக் கடை. நாங்கள் அங்கே இருப்போம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இதோட நாலு கடை பார்த்துட்டேன்மா" என்றார். இளநீலச் சட்டை போட்டிருந்தார். தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது.

அவர் உட்காரவில்லை. "ராஜேஸ்வரி, நான் நேத்து செஞ்சது தப்பு. சொல்லணும்னு வாயெடுத்தேன், வரலே. முப்பது வருஷம் வகுப்புல பேசினவன். பொண்ணு முன்னால நாக்கு எழும்பலே."

அக்கா கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சர்க்கரை எப்போதோ கரைந்துபோயிருக்கும்.

"உங்களை எப்படி சார் குத்தம் சொல்றது? நானும் என் பிள்ளைகிட்ட சொல்லலையே."

சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். நான் தடுப்பதற்குள் கார்த்திக்கின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேசை நடுவில் கோப்பிக் கோப்பைகளுக்கு இடையே வைத்துவிட்டாள். அங்கே இன்னும் காலைப் பரபரப்பு. குக்கர் விசில் சத்தம் கேட்டது.

"சொல்லும்மா. கிளம்பிட்டிருக்கேன்."

"கார்த்தி, ஒரு விஷயம். நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

"என்னது?"

"கல்யாணம்டா. எனக்கு. இங்க ஒருத்தர் இருக்கார், சேவியர்னு. நல்லவர். ரிட்டயர்டு வாத்தியார். பக்கத்துலதான் நிக்கிறார்."

"அம்மா, காலையில விளையாடாத."

"விளையாடலடா."

இரண்டாவது விசில். மருமகள் "என்னங்க, யாரு?" என்று கேட்பது தூரத்தில் கேட்டது. பக்கத்து மேசையில் இரண்டு சீனப் பெரியவர்கள் செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது, ஆனால் எல்லாம் புரிந்தது போலிருந்தது.

கார்த்திக் கடைசியில் பேசினான். "அப்ப பையனை ஸ்கூல்லேர்ந்து யாரும்மா கூட்டிட்டு வருவாங்க?"

கேட்டதும் அவனுக்கே என்ன கேட்டோம் என்று தெரிந்திருக்க வேண்டும். "இல்லம்மா, நான் அப்படிச் சொல்ல வரல" என்றான். அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"அதுக்கு ஒரு ஆட்டோ பேசிக்கலாம்டா. நல்ல ஆட்டோக்காரரா நானே பார்த்துத் தர்றேன்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அவன்தான் வைத்துவிட்டான்.

சேவியர் சார் தன் கைப்பேசியை எடுத்தார். சந்தின் முனைக்கு, கடல் தெரிகிற இடத்துக்கு நடந்துபோனார். நாங்கள் பார்த்தது அவருடைய முதுகைத்தான். ஒரு கை காற்றில் ஏதோ விளக்கியது, பிறகு கீழே இறங்கியது. நீண்ட நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். தலையை ஆட்டினார். கைக்குட்டையை எடுத்தார். ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடிக்க, நகர்ந்து சுவரோரமாக நின்று மறுபடி கேட்டார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன ஆனாலும் நீ எதுவும் சொல்லாத" என்றாள்.

"நான் என்ன சொல்லப்போறேன்?"

"ஏதாவது சொல்லுவே. எனக்குத் தெரியும்."

அவர் திரும்பி வந்து, அன்று முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்று நான்தான் கேட்டேன்.

"'எனக்கு நேத்தே தெரியும்பா, நீங்க எப்பச் சொல்வீங்கன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்' அப்படிங்குது. அப்புறம் அழுவுது. 'என்னைப் பார்த்து ஏன் பயந்தீங்க'ன்னு கேக்குது." கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஞாயித்துக்கிழமை மறுபடி சாப்பிட வரணுமாம். இந்தத் தடவை அது அழைக்குது."

"ஞாயித்துக்கிழமை நாங்க ஊர்ல இருப்போமே" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் சொன்னது சரிதான். ஏதாவது சொல்லத்தான் செய்கிறேன்.

அன்று மத்தியானம் அக்காவின் டிக்கெட்டை மாற்றினோம். சேவியர் சாருக்குத் தெரிந்த ஒரு குடும்பம் புக்கிட் மெர்தாஜாமில் வாடகைக்கு அறை விடுகிறது. இன்னும் இரண்டு வாரம் அங்கே இருந்து பார்ப்பதென்று முடிவு. பதிவு, விசா, பாதி வருஷம் இங்கே பாதி வருஷம் அங்கே என்பதெல்லாம் பிறகு. "கட்டிக்கிறதுக்கு முன்னாடி அந்த ஊர்ல ஒரு ஞாயித்துக்கிழமையும் ஒரு திங்கட்கிழமையும் இருந்து பார்க்கணும்" என்றாள் அக்கா. "ஞாயித்துக்கிழமை எல்லா ஊரும் நல்லாத்தான் இருக்கும்."

விமான நிலையத்துக்கு இருவரும் வந்து வழியனுப்பினார்கள். அக்கா எனக்கு ஜாதிக்காய் ஊறுகாய், பிஸ்கட், என் வீட்டுக்காரருக்குக் கைலி எல்லாம் திணித்தாள். உள்ளே போகும்முன் திரும்பிப் பார்த்தேன். கை ஆட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, அவரிடம் எதையோ கேட்டுத் தலையாட்டினாள். நான் போய்விட்டேன் என்று நினைத்திருப்பாள். தனியாகப் பறப்பது எனக்கு இதுவே முதல் தடவை. பக்கத்து இருக்கைக்காரர் கோழியா சைவமா என்று எனக்காகக் கேட்டு வாங்கித் தந்தார்.

சென்னையில் கார்த்திக் நின்றிருந்தான். நான் அவனை வரச் சொல்லவில்லை. என் தோளுக்குப் பின்னால் ஒரு நொடி பார்த்தான். பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"ஒரு பெட்டிதானா சித்தி?"

"ஒண்ணுதான்."

காரில் பல்லாவரம் வரை வந்துவிட்டோம். பேரன் பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தான். கார்த்திக்கே அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு அப்படியே விமான நிலையத்துக்கு வந்திருக்கிறான் போலிருக்கிறது. சீருடை மாற்றவில்லை. பாலத்தின் மேல் வண்டிகள் நின்றிருந்தன. கார்த்திக் கியரை விடுவித்தான்.

"அவர் எப்படி, சித்தி?"

"நல்ல மனுஷன். பயந்தவர். ஆனா பயந்துகிட்டேயாவது சொல்லிட்டார்."

அவன் தலையாட்டினான். முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. நாங்களும் கொஞ்சம் நகர்ந்தோம்.

"அம்மா ரெண்டு நாளா எனக்குப் போன் பண்ணல."

"நீதானடா வச்சே."

கண்ணாடியில் பின்னால் தூங்குகிறவனைப் பார்த்தான்.

"அங்க போக விசா வேணுமா சித்தி?"

"இப்ப வேண்டாம்டா. டிக்கெட் எடுத்தாப் போதும்."

"சரி" என்றான். "இவனுக்கு எப்ப லீவுன்னு கேக்கணும்."